உட்கார்ந்தவர் எழுந்திருக்க வேண்டாமா?

(சாத்தாங்காட்டில் நடந்த தம்பதியர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



குடும்ப நலக் கூட்டம் என்றதும், கைக்குழந்தையோடு வந்திருக்கிறவர்கள் தடுப்பூசியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் வேறொன்றை எதிர்பார்த்து, கொஞ்சம் வெட்கத்தோடு பின்வரிசையில் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். இன்றைக்கு அந்த இரண்டும் இல்லை. உங்கள் வீட்டு ஆயாவும் தாத்தாவும் உட்காருகிற இடத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். ஆம், உட்காருகிற இடம். நாற்காலி, கட்டில், திண்ணை, கழிப்பறை.

இது குடும்ப நலத்தில் சேருமா என்று கேட்பீர்கள். சேரும். அளவான குடும்பம் வேண்டும் என்று ஊர் ஊராகச் சொன்னவர்கள் எங்கள் துறைக்காரர்கள்தான். மக்களும் கேட்டார்கள். அப்படி ஒன்றும் இரண்டுமாகப் பெற்று வளர்த்த அந்தத் தாய் தகப்பனுக்கு இப்போது வயதாகிவிட்டது. முன்பு ஐந்து பிள்ளைகள் மாற்றி மாற்றித் தூக்கி உட்கார வைத்தார்கள். இப்போது அந்த வேலை ஒரு மகன் ஒரு மருமகள் தலையில். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படியே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். ஆகவே அவர்கள் தாமாக எழுந்து நடமாடுவது அவர்களுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

சில வருஷங்களுக்கு முன்னால் இந்தப் பக்கத்திலேயே ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். மருமகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “எங்க ஆயா தண்ணியே குடிக்க மாட்டேங்குதும்மா. சோறும் பாதிதான். முந்தி தெருவெல்லாம் சுத்தும், இப்ப ஒக்காந்த எடத்துலயே ஒக்காந்திருக்கு. புத்தி கித்தி மாறிப் போச்சா?” என்று கேட்டாள். நல்ல பெண். அக்கறையோடுதான் கேட்டாள்.

ஆயா புது சோபாவில் உட்கார்ந்திருந்தார். மகன் மாதத் தவணையில் வாங்கிப் போட்டது. அம்மா தரையில் உட்கார்ந்து கஷ்டப்பட வேண்டாம் என்று ஆசையாக வாங்கியது. மெத்தை அவ்வளவு மெத்தென்று இருந்தது. அந்த அம்மாள் அதில் பாதி புதைந்து, முழங்கால் இடுப்புக்கு மேலே நிற்க, கிணற்றுக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தார். “கொஞ்சம் எழுந்திருங்க பார்க்கலாம்” என்றேன். முன்னே ஒரு ஆட்டம், பின்னே ஒரு ஆட்டம். மூன்று முறை ஆடியும் எழுந்திருக்க முடியவில்லை. மருமகள் தண்ணீர் எடுக்கப் போன சமயம் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

“தண்ணி குடிச்சா ஒண்ணுக்குப் போவணும். ஒண்ணுக்குப் போவணும்னா எந்திரிக்கணும். எந்திரிக்கணும்னா இதுங்களைக் கூப்புடணும். பாவம், அதுங்களே வேலையில செத்து சுண்ணாம்பாகுதுங்க. அதான் குடிக்கிறதில்ல.”

கேட்டீர்களா? ஆயாவுக்குப் புத்தி மாறவில்லை. கணக்கு மிகத் தெளிவாகவே போட்டிருக்கிறார். கணக்கு தப்பாகப் போன இடம் சோபா. தண்ணீர் குறைந்ததால் சிறுநீர்க் கடுப்பு. அதனால் காய்ச்சல். எழுந்து நடக்காததால் காலில் இருந்த கொஞ்ச நஞ்சத் தெம்பும் போய்க்கொண்டிருந்தது. அந்த வீட்டில் நான் செய்தது பெரிய வைத்தியம் ஒன்றுமில்லை. காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பரணில் கிடந்த கைவைத்த பழைய மரநாற்காலியை இறக்கச் சொன்னேன். அது ஆயாவின் முழங்காலுக்குச் சரியான உயரமாக இருந்தது. அடுத்த தடவை போனபோது நாற்காலி வாசலில் இருந்தது. ஆயா அதில் இல்லை, பக்கத்து வீட்டுக்குக் கதை பேசப் போயிருந்தார்.

எழுந்திருக்கும்போது என்ன நடக்கிறது?

இப்போது ஒரு வேடிக்கை செய்யலாம். நாற்காலியில் இருக்கிறவர்கள் முதுகை நன்றாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். காலை முன்னே நீட்டிக்கொள்ளுங்கள். கையை மடியில் வையுங்கள். அப்படியே, குனியாமல், எழுந்திருங்கள் பார்க்கலாம்.

முடியவில்லை அல்லவா? இருபது வயதுப் பிள்ளைக்கும் முடியாது. ஏனென்றால் உட்கார்ந்திருக்கும்போது உடம்பின் பாரம் நாற்காலியின் மேல் இருக்கிறது. எழுந்திருக்க வேண்டுமானால் அந்தப் பாரத்தைப் பாதத்தின் மேல் கொண்டுவர வேண்டும். அதற்கு மூன்று காரியம் நடக்கிறது. ஆசனத்தின் விளிம்புக்கு நகர்கிறோம். பாதத்தை முழங்காலுக்குப் பின்னால் இழுத்து வைக்கிறோம். தலையை முன்னே கொண்டுவந்து குனிகிறோம். மூக்கு கால் கட்டைவிரலுக்கு நேராக வந்தால் பாரம் பாதத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகுதான் தொடையின் முன்பக்கத் தசையும் பிட்டத்தின் தசையும் உடம்பை மேலே தள்ளுகின்றன. நாம் இதையெல்லாம் யோசிக்காமலே செய்கிறோம். வயதானவர்களுக்குத் தசை மெலிந்துபோகிறது, மூட்டு வலிக்கிறது, குனிந்தால் முன்னே விழுந்துவிடுவோமோ என்ற பயமும் சேர்கிறது. பயத்தில் நிமிர்ந்தே எழப் பார்க்கிறார்கள். பொத்தென்று திரும்பவும் உட்கார்ந்துவிடுகிறார்கள். சில சமயம் நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிடுகிறார்கள்.

இதில் ஆசனத்தின் உயரத்துக்கு எவ்வளவு பங்கு உண்டு தெரியுமா? இதைப் பற்றி உலகில் பலர் அளந்து பார்த்திருக்கிறார்கள். அந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2002-இல் நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆசனத்தை உயர்த்தினால் முழங்காலில் விழும் சுமை 60 சதவீதம் வரை குறையும். இடுப்பில் விழுவது 50 சதவீதம் வரை குறையும். கையை ஊன்றித் தள்ள வசதி இருந்தால் இடுப்புச் சுமை இன்னும் குறையும். தைலத்துக்கும் ஊசிக்கும் செலவு செய்கிறோம், செய்யுங்கள். ஆனால் நாலு அங்குலக் கட்டை செய்கிற உபகாரத்தை எந்தத் தைலமும் செய்யாது என்பது என் அனுபவம்.

அளவு எடுப்பது எப்படி?

வயதானவரைச் செருப்பில்லாமல் உட்கார வையுங்கள். பாதம் தரையில் முழுதாகப் படிந்திருக்க வேண்டும். முழங்காலின் பின்பக்க மடிப்பிலிருந்து தரை வரை ஒரு நூலைப் பிடித்து அளவு எடுங்கள். அந்த நூல்தான் அவருடைய ஆசன உயரம். தெம்பானவருக்கு அந்த அளவே போதும். மூட்டு வலி உள்ளவருக்கும் தொடை மெலிந்தவருக்கும் அதற்கு மேல் இரண்டு மூன்று அங்குலம் கூட்டலாம். அதற்கு மேல் போகாதீர்கள். பாதம் தரையில் படியாமல் தொங்கினால் கால் மரத்துப்போகும், வழுக்கி முன்னே இறங்கவும் பார்க்கும். குள்ளமான ஆயாவுக்கும் நெட்டையான தாத்தாவுக்கும் ஒரே நாற்காலி பொருந்தாது. சட்டைக்கு அளவு எடுக்கிறோம், செருப்புக்கு நம்பர் பார்க்கிறோம், நாள் முழுக்க உட்காருகிற நாற்காலிக்கு மட்டும் அளவு பார்ப்பதில்லை.

உயரத்தோடு இன்னும் சிலவற்றையும் பாருங்கள். அடிப்பலகை கெட்டியாக இருக்க வேண்டும். கைப்பிடி ஆசனத்தின் முன்விளிம்பு வரை வர வேண்டும். பாதியிலேயே நின்றுபோகும் கைப்பிடி, எழும்போது உதவாது. நாற்காலியின் முன்பக்கம் கீழே காலியாக இருக்க வேண்டும். பெட்டி போல மூடின திவான்களில் பாதத்தைப் பின்னால் இழுக்க இடமே இல்லை. அதில் படுக்கலாம், எழுந்திருப்பது கஷ்டம்.

இனி நம் வீடுகளில் இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பிளாஸ்டிக் நாற்காலி இல்லாத வீடு இல்லை. மலிவு, லேசு, தூக்க எளிது. அந்த லேசுதான் ஆபத்து. ஒரு பக்கக் கைப்பிடியை மட்டும் அழுத்தி எழுந்தால் அது சாயும். மொசைக் தரையிலும் டைல்ஸ் தரையிலும் கால் விரிந்து வழுக்கும். வெயிலில் காய்ந்த நாற்காலி ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பிளக்கும். வேறு வழியில்லை என்றால் சுவரில் முதுகு முட்டும்படி போடுங்கள், இரண்டு கைப்பிடியையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள். ஒரே அச்சில் வார்த்த இரண்டு நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கொடுக்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. உயரமும் கிடைக்கும், பலமும் கூடும். சுவரோரமாக இருக்கட்டும், இரண்டுக்கு மேல் வேண்டாம். வேறு வேறு கம்பெனி நாற்காலிகளை அடுக்கவே கூடாது, ஆடும்.

சாய்வு நாற்காலியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பாவுக்கு ஒரு துணி போட்ட சாய்வு நாற்காலி இருந்தது. அவருடைய சிம்மாசனம் அது. பேப்பர் படிப்பதும் அதில், தூங்குவதும் அதில். துணி தொய்ந்து தொய்ந்து வருஷத்துக்கு வருஷம் கீழே போய்க்கொண்டிருந்தது. நான் பொதுசுகாதாரப் படிப்புப் படித்து, ஊரெல்லாம் கொதிக்க வைத்த நீரைப் பற்றியும் உப்பு சர்க்கரைக் கரைசலைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் இருந்த அந்தத் துணியை நான் ஒருநாளும் பார்க்கவில்லை. “அப்பாவுக்கு வரவர சோம்பேறித்தனம்” என்று நானும் சொன்னவள்தான். ஒருநாள் விடியற்காலை, யாரையும் எழுப்பக் கூடாதென்று, இருட்டில் தானாக எழுந்திருக்கப் பார்த்திருக்கிறார். பக்கவாட்டில் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆயிற்று. பிறகு பதினோரு மாதம் இருந்தார். அந்தப் பதினோரு மாதத்தில் கோல் இல்லாமல் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. நாற்காலியின் துணியை இறுக்கிக் கட்டியிருக்கலாம், பக்கத்தில் கெட்டியாக ஒரு மேசை போட்டிருக்கலாம். இரண்டும் ஒரு மணி நேர வேலை.

கயிற்றுக் கட்டிலும் நாடாக் கட்டிலும் அதே ஜாதி. நடுவில் தொய்ந்தால் எழுந்திருப்பது சிரமம். மாதத்துக்கு ஒருமுறை இழுத்துக் கட்டுங்கள். மரக்கட்டிலோ இரும்புக் கட்டிலோ தாழ்வாக இருந்தால் நான்கு காலுக்கும் கட்டை கொடுக்கலாம். வெறும் செங்கல்லை வைக்காதீர்கள். ஒருநாள் கட்டில் நகர்ந்தால் ஒரு கால் செங்கல்லை விட்டு இறங்கிவிடும். கட்டையின் நடுவே குழி வெட்டி, கட்டில் கால் அந்தக் குழிக்குள் இறங்கி உட்கார வேண்டும். இந்த ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை. இரும்பு எஃகுச் சந்தையைப் பக்கத்திலேயே வைத்திருக்கிற ஊர் சாத்தாங்காடு. குழாய்த் துண்டை அளவாக வெட்டி, அடியில் அகலத் தகடு வைத்து ஒட்டித் தர எத்தனை வெல்டிங் பட்டறைக்காரர்கள்! லாரிக்கும் கப்பலுக்கும் செய்கிற கைக்கு இது காப்பி குடிக்கிற நேரத்து வேலை. மற்ற ஊர்களில் இதைப் படிக்கிறவர்கள் உங்கள் தச்சரிடம் சொல்லுங்கள்.

திண்ணைக்கு வருவோம். கால் தொங்காமல், முழங்காலும் ஏறாமல், அளவாகக் கட்டிய எத்தனையோ திண்ணைகளைப் பார்த்திருக்கிறேன். பட்டணத்துத் தெருக்களில் அவற்றுக்கு என்ன ஆயிற்று? பழைய தாரைச் சுரண்டாமலே புதுத் தாரை மேலே மேலே போட்டார்கள். ரோடு உயர்ந்தது, திண்ணை தாழ்ந்தது. அப்பாவின் முழங்கால் உயரத்துக்கு இருந்த திண்ணை மகனுக்குக் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. பழைய தாரைச் சுரண்டிய பிறகே புதிது போட வேண்டும் என்று 2021 மே மாதம் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். ஏற்கனவே தாழ்ந்துபோன திண்ணை அதனால் உயராது. அதன்மேல் அகலமாக ஒரு கெட்டிப் பலகையைப் பதித்து, பக்கத்தில் ஒரு கைப்பிடிக் குழாய் நட்டால் தாத்தா மறுபடி தெருவைப் பார்த்து உட்காருவார்.

மீன் விற்கிற தாய்மார்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். நாள் முழுக்க ஒரு சாண் உயரப் பலகையில் குந்திக்கொண்டு, கூடையைத் தூக்க எழுந்து, மறுபடி உட்கார்ந்து! இளம் வயதில் அது உடம்புக்குத் தேகப்பயிற்சி. ஐம்பதைத் தாண்டி முழங்கால் பேச ஆரம்பித்ததும், பலகையை மாற்றி ஒரு சின்ன முக்காலி போட்டுக்கொள்ளுங்கள். வியாபாரம் குறையாது.

அப்படியானால் தரையில் உட்காரவே கூடாதா? இல்லை, இதை நன்றாகக் கேளுங்கள். தரையில் உட்கார்ந்து, யார் கையையும் பிடிக்காமல் எழுந்திருக்க முடிகிறவரை நீங்கள் தடுக்காதீர்கள். அது அவருடைய சொத்து. பிரேசில் நாட்டு மருத்துவர்கள் 51 முதல் 80 வயது வரையுள்ள சுமார் 2,000 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச்சொல்லி மதிப்பெண் போட்டார்கள். பல வருஷம் கவனித்ததில், கை ஊன்றாமல் எழுந்தவர்களைவிட, மிகவும் தடுமாறியவர்களிடையே சாவு அதிகமாக இருந்தது. 2012-இல் அந்த முடிவு வெளியானது. தரையில் உட்கார்ந்தால் ஆயுள் கூடும் என்று இதற்கு அர்த்தமில்லை. எழுந்திருக்கிற தெம்பு உடம்பு முழுவதின் நிலைமையைக் காட்டுகிறது என்றுதான் அர்த்தம். பந்தியில் இலை போட்டு உட்கார முடிகிற பாட்டியை வம்பாக மேசைக்கு இழுக்காதீர்கள். முடியாத பாட்டியை “அந்தக் காலத்து மனுஷி, உட்காருவா” என்று தரைக்கும் அனுப்பாதீர்கள்.

இரவிலும் கழிப்பறையிலும்

படுத்திருந்தவர் சட்டென்று எழுந்து நின்றால் இரத்தம் காலுக்கு இறங்கித் தலை கிறுகிறுக்கும். நின்ற மூன்று நிமிஷத்துக்குள் மேல் அழுத்தம் 20 புள்ளியோ கீழ் அழுத்தம் 10 புள்ளியோ இறங்கினால் அது கவனிக்க வேண்டிய சங்கதி. இரத்த அழுத்த மாத்திரை, சிறுநீர் அதிகம் போகச் செய்யும் மாத்திரை, தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது வரக்கூடும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் சொல்லி, நிற்க வைத்தும் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் செய்ய வேண்டியது: விழித்ததும் ஒருக்களித்து, காலைத் தொங்கப்போட்டு, கட்டில் ஓரத்திலேயே ஓரிரண்டு நிமிஷம் இருக்க வேண்டும். கணுக்காலைப் பத்துத் தடவை மேலும் கீழும் ஆட்டிவிட்டு எழுந்து, எழுந்த இடத்திலேயே கொஞ்சம் நின்று, பிறகு நடக்க வேண்டும். ஒரு சிறு விளக்கு இரவு முழுக்க எரியட்டும். கரண்டு பில் பயப்படும்படி ஏறாது.

கழிப்பறைதான் மிகவும் சங்கடமான இடம். வெட்கத்தினால் யாரும் சொல்லமாட்டார்கள். குந்தி உட்காருகிற கழிப்பறையில் எழுந்திருக்க முடியாமல் கையில் கிடைத்ததைப் பிடிக்கிறார்கள். தண்ணீர்க் குழாய், துண்டு போடுகிற கம்பி, வாளி. இவை எதுவும் ஆள் பாரம் தாங்காது. சுவரில் போல்ட் போட்டு இறுக்கிய ஒரு கெட்டிக் குழாய்க் கைப்பிடி வேண்டும். வயதானவரை முதலில் உட்கார வைத்து, அவர் கை இயல்பாகப் போகிற இடத்தில் பென்சிலால் குறித்து, அங்கே பொருத்துங்கள். கொத்தனார் தன் தோள் உயரத்துக்கு வைத்துவிட்டுப் போவார், ஜாக்கிரதை. குந்தவே முடியாதவருக்கு, நடுவில் துளையிட்ட நாற்காலி ஒன்றைப் பீங்கானின் மேல் போட்டால் போதும். கழிப்பறையையே இடிக்க வேண்டிய அவசியமில்லை.

கை கொடுக்கிற முறையிலும் தவறு செய்கிறோம். இரண்டு கையையும் பிடித்து முன்னே இழுப்பார்கள். சிலர் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவார்கள். வயதானவரின் தோள்மூட்டு அதற்குத் தாங்காது, உங்கள் இடுப்பும் தாங்காது. பக்கத்தில் நில்லுங்கள். ஒரு கை அவருடைய இடுப்பின் பின்னால் இருக்கட்டும். “முன்னாடி வாங்க அத்தை, காலைப் பின்னாடி வைங்க, குனிங்க, ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று சொல்லி, அவர் தள்ளும்போது நீங்கள் துணை நில்லுங்கள். அவருக்கு ஒரு நிமிஷம் ஆகும். காத்திருங்கள். மருமகளே எல்லாம் செய்ய வேண்டும் என்று மகன்மார்கள் நினைக்க வேண்டாம். பின்வரிசையில் சிரிக்கிற தம்பிகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

விழுந்துவிட்டால் பதறித் தூக்காதீர்கள். முதலில் பேச்சுக் கொடுங்கள். இடுப்பிலோ தொடைமேட்டிலோ கடும் வலி இருந்தால், ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால், தலையில் அடிபட்டிருந்தால் அசைக்காமல் 108-க்குச் சொல்லுங்கள். எண்ணெய் போட்டு உருவிவிடுகிற வேலை வேண்டாம். காயம் ஒன்றும் இல்லை என்றால் அவரை ஒருக்களித்து, முட்டி போட்டுத் தவழச் செய்து, கெட்டியான நாற்காலி ஒன்றை முன்னால் வையுங்கள். அவர் கைகளை அதன்மேல் ஊன்றி, பலமான காலை முன்னே வைத்து, மெதுவாக எழுந்து, திரும்பி உட்காரட்டும்.

தெம்பை வளர்க்கலாம்

நாற்காலியை உயர்த்திவிட்டோம், வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. உட்கார்ந்து எழுவதே ஒரு நல்ல மருந்து. சுவரில் முட்டுக் கொடுத்த நாற்காலியில், பக்கத்தில் ஒருவர் துணை இருக்க, காலையில் ஐந்து தடவை, மாலையில் ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். முதலில் கை ஊன்றியே எழட்டும். உட்காரும்போது பொத்தென்று விழாமல் மெதுவாக இறங்குவதுதான் இதில் பாதி பயன். மூச்சை அடக்கக் கூடாது. நெஞ்சு வலியோ மயக்கமோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகே செய்ய வேண்டும். கூடவே சாப்பாட்டையும் கவனியுங்கள். வயதானவர் தட்டில் ரசம் சாதம் மட்டும் போடுகிற பழக்கம் இருக்கிறது. தசைக்குப் பருப்பும் முட்டையும் மீனும் வேண்டும். காசிமேட்டுப் பக்கத்தில் இருந்துகொண்டு நெத்திலிக்கு யோசிக்கலாமா?

வீட்டுக்குப் போனதும் கணவனும் மனைவியும் இதைச் செய்து பாருங்கள். பதினேழு அங்குல உயர நாற்காலியில் கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு, முப்பது விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். அமெரிக்க நாட்டில் வகுத்த கணக்கின்படி, 60 முதல் 64 வயதுள்ள ஆணுக்கு 14-க்குக் குறைந்தாலும் பெண்ணுக்கு 12-க்குக் குறைந்தாலும் கால் பலம் போதவில்லை, விழும் அபாயம் உண்டு. அவர்கள் உடல்வாகு வேறு, நம் உடல்வாகு வேறு, அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் முப்பத்தைந்து வயதில் பத்தைத் தாண்டத் திணறினால் அது உங்களைப் பற்றிய செய்தி, உங்கள் மாமியாரைப் பற்றியதல்ல.

உதவிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். முதியோர் மருத்துவம் நமக்குப் புதிதல்ல. 1978-லேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராசன் முதியோருக்கென்று தனி வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 2024-இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டிருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, பட்டணத்தில் இருப்பவர்கள் நகர்ப்புற நல நிலையத்திலோ கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடமாட முடியாதவருக்கு இயன்முறைப் பயிற்சியை வீட்டுக்கே வந்து தருகிறார்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள முதியோருக்கு ஊன்றுகோல், நடைச்சட்டம் போன்றவற்றை இலவசமாகத் தரும் மத்திய அரசுத் திட்டமும் 2017 முதல் இருக்கிறது. முகாம் எப்போது என்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் விசாரித்து வையுங்கள்.

நான் ஒரு நூல்கண்டும் அளவு நாடாவும் கொண்டுவந்திருக்கிறேன். அதோ, கூட்டம் தொடங்கியது முதல் அந்தத் தாழ்ந்த பெஞ்சில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்கிற பெரியம்மாவிலிருந்து ஆரம்பிக்கலாம். யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து நில்லுங்கள், இழுக்க வேண்டாம். பெரியம்மா, கொஞ்சம் முன்னாடி நகர்ந்து வாங்க.